நிபந்தனை பழையது, ஆனால் அதற்கு உயிர் கொடுத்தவர் உங்கள் அப்பா

கேள்வி: எங்கள் மனைப்பிரிவின் எல்லாக் கிரயப் பத்திரங்களிலும் ‘ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான ஒரே வீடு’ என்ற நிபந்தனை தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. பழைய வீட்டை இடித்துவிட்டு, எனக்கும் இரண்டு தம்பிகளுக்கும் ஆளுக்கொரு வீடாக அடுக்குமாடி கட்ட நினைக்கிறோம். கட்டட அனுமதி கிடைத்துவிட்டது. இடிக்கும் வேலையை உடனே தொடங்கலாம் என்கிறார் பில்டர். ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். (கணவரை இழந்து திரும்பிய மகளுக்காக அவர் மாடி கட்டப் போனபோது, இதே நிபந்தனையைக் காட்டி அப்பா கோர்ட்டில் தடை வாங்கினார். அது பழைய கதை.) வழக்குப் போட்டு இந்த நிபந்தனையை உடைக்க முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்டுத் தள்ளிவிட்டீர்களே, அந்தப் ‘பழைய கதை’தான் உங்கள் வழக்கு. மற்றவற்றை ஒரு வக்கீல் பார்த்துக்கொள்வார்.

முதலில், கட்டட அனுமதி உங்களைக் காப்பாற்றாது. அனுமதி தருபவர்கள் கட்டட விதிகளைப் பார்க்கிறார்களே தவிர, மனைக்காரர்கள் ஒருவருக்கொருவர் பத்திரத்தில் கட்டுப்பட்டிருப்பதைத் தீர்த்துவைப்பதில்லை. லண்டனின் லெஸ்டர் சதுக்கத் தோட்டத்தைத் திறந்தவெளியாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அதை அறிந்தே வாங்கிய அடுத்த உரிமையாளரையும் கட்டும் என்று 1848-இல் தீர்ப்பானது. நமது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவும், நிபந்தனையை அறிந்து வாங்கியவரையும் விலை கொடுக்காமல் பெற்றவரையும் அது கட்டும் என்கிறது. பத்திரத்தைப் படித்துவிட்டு எனக்கு எழுதியிருக்கும் நீங்கள், தெரியாது என்று சொல்ல முடியாது.

பழைய நிபந்தனை எல்லாம் சாகாவரம் பெற்றவை என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட இனத்தவர் குடியேறக் கூடாது என்று பத்திரங்களில் எழுதிவைத்த அநியாயத்துக்கு நீதிமன்றங்கள் துணைபோக முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது; அது சரியான தீர்ப்பு. வீட்டுக்கு இவ்வளவு தட்டுப்பாடு உள்ள காலத்தில், ஒரு மனையில் மூன்று குடும்பங்கள் குடியிருக்கக் கூடாது என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சுற்றுப்புறமே மாறி நிபந்தனையின் நோக்கம் அழிந்துபோயிருந்தாலோ, பயன்பெற வேண்டியவர்களே மீறல்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருந்தாலோ, அது செத்துப்போனது என்று வாதாட வழியுண்டு.

அந்த வாதத்தை உங்கள் வாயால் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். அப்பாவின் வழக்கு மனுவின் நகல் உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கும், எடுத்துப் படியுங்கள். இந்த நிபந்தனை தெரு முழுவதற்கும் உயிரானது, இன்னொரு மாடி வந்தால் தமக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றெல்லாம் சொல்லித்தான் அவர் தடை வாங்கியிருப்பார். நிபந்தனை காலாவதியானது என்று நீங்கள் வாய் திறந்த உடனே, பெரியவரின் வக்கீல் அந்தப் பக்கங்களைத்தான் வாசிக்கப் போகிறார், கீழே உங்கள் அப்பாவின் கையெழுத்தோடு.

இது சட்டத்தின் பக்கம். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. அந்தப் பெண் பிறகு எங்கே குடியிருந்தார், எப்படிப் பிழைத்தார் என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்தான். உங்கள் அப்பா தம் உரிமையைத்தான் கேட்டார், அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மகளுக்கு ஒரு கூரை போட முடியாமல் போன மனிதரின் மதிலுக்கு அடுத்த பக்கத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் மூன்று வீடு கட்டப் புறப்பட்டால், அவர் நோட்டீஸ் அனுப்பாமல் வேறென்ன செய்வார்? அப்பாவின் வீடு எங்களுக்கு, அப்பா வைத்துவிட்டுப் போன மனக்கசப்பு யாருக்கோ என்று பாகம் பிரிக்க முடியாது, தம்பி. பெற்றவர் பட்ட கடனைத் தீர்க்கும் பொறுப்பு பிள்ளைகளுக்கு உண்டென்றால், இந்தக் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

கட்டி முடித்துவிட்டால் நீதிமன்றம் இடிக்கச் சொல்லுமா என்று பில்டர் தைரியம் சொல்லலாம். நம்பாதீர்கள். இங்கிலாந்தில் வண்டி நிறுத்த மட்டுமே என்று கட்டுப்படுத்தப்பட்ட நிலத்தில், திட்ட அனுமதியோடு, நிபந்தனை தெரிந்தே, ஆட்சேபம் வந்த பிறகும் நிறுத்தாமல் ஒரு நிறுவனம் 13 வீடுகளைக் கட்டி முடித்தது. பக்கத்து நிலம், உயிர்கொல்லி நோயோடு போராடும் குழந்தைகளுக்கான காப்பகத்துக்கு உரியது. வீடற்றோருக்கு உதவும் மலிவு வீடுகள்தாமே என்று நிபந்தனையைத் தளர்த்தச் சொன்ன கோரிக்கையை 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஆகவே இடிக்கும் வேலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தம்பிகளையும் அழைத்துக்கொண்டு, வக்கீலோ பில்டரோ இல்லாமல், மூவருமாகப் பெரியவர் வீட்டுக்குப் போய், முதலில் அவருடைய மகளைப் பற்றி விசாரியுங்கள். அப்பா தடுத்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். அதனால் உங்கள் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. பிறகு, நிபந்தனையால் பயன்பெறும் மனைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு அதை விட்டுக்கொடுக்கும் ஒரு பத்திரத்தை எழுதிப் பதிவு செய்யலாம் என்று கேளுங்கள். அவர் மனைக்கும் அதே விடுதலை அதில் எழுதப்பட வேண்டும். அவர் மாடி கட்டினால் நீங்களோ உங்கள் பிள்ளைகளோ எதிர்க்க மாட்டீர்கள் என்பதும் சேர வேண்டும். அவர் சம்மதித்த பிறகும் வேறு யாராவது மறுத்தால், அப்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள். வழக்கில் அவரையும் உங்களோடு வாதியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.