உணவில் இருக்கும் லைசின் செல்லைக் கொல்லுமா?

அன்புள்ள ஐயா,

உயிரித் தொழில்நுட்பத்தில் முதுகலை படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் நரம்பு செல்களை வளர்ப்பதற்கு முன்னால் கண்ணாடித் தகடுகளில் பாலி-எல்-லைசின் பூசுவோம். பூசியபின் நன்றாகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் செல்கள் செத்துவிடும் என்கிறார் என் சீனியர். ஒட்டுவதற்காகப் பூசுகிற பொருளே செல்லைக் கொல்லுமா? லைசின் நாம் உண்ணும் புரதங்களில் இருக்கிற அமினோ அமிலம்தானே? இப்படி ஒரு பொருளால் மருத்துவத்தில் என்ன பயன் இருக்க முடியும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் சீனியர் சொல்வது சரி. ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருளின் மொத்தக் கதையும் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது.

லைசினின் பக்கச் சங்கிலி ஓர் அமீனில், அதாவது புரோட்டானைப் பிடிக்கவல்ல நைட்ரஜன் தொகுதியில், முடிகிறது. அதன் பிகேஏ, அதாவது பாதி அமீன்கள் புரோட்டானை விட்டுவிடும் பிஎச், 10.5 அளவில் இருக்கும்; உடலின் பிஎச் 7.4. ஆகவே உடலுக்குள் அந்த அமீன் அநேகமாக எப்போதும் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு நேர்மின்னூட்டத்தோடுதான் இருக்கும். தனி லைசினில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. சங்கிலியாகக் கோத்துப் பாலிலைசின் ஆக்கிவிட்டால் நிலைமை வேறு. நூற்றுக்கணக்கான லைசின்கள், அத்தனை நேர்மின்னூட்டங்கள், ஈடுகட்ட நடுவில் ஓர் எதிர்மின்னூட்டம்கூடக் கிடையாது. ஒன்றையொன்று தள்ளுவதால் சங்கிலி ஒழுங்காக மடியாமல் விரிந்து கிடக்கும். பிஎச்சை 10.5க்கு மேல் ஏற்றினால் மின்னூட்டம் போய், ஆல்ஃபா சுருளாக மடிந்துகொள்ளும். மடிப்பை மின்னூட்டம் எப்படி ஆள்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் மூலக்கூறுகள் குறைவு.

செல்லின் வெளிப்புறமோ சியாலிக் அமிலம், ஹெப்பரான் சல்பேட் போன்ற சர்க்கரை வகைப் பொருள்களால் எதிர்மின் தன்மை கொண்டது. ஒரு நேர்மின்னூட்டம் ஓர் எதிர்மின்னூட்டத்தைப் பிடிப்பது பலவீனமான பிடிதான். ஒரு முடிச்சை எளிதில் அவிழ்த்துவிடலாம்; நூறு முடிச்சும் ஒரே சமயத்தில் அவிழ்ந்தால்தான் விடுதலை என்றால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது.

இப்போது உங்கள் தகட்டுக்கு வருவோம். கண்ணாடியும் எதிர்மின் தன்மை உடையது. பாலிலைசின் அதன்மேல் படிந்து படுத்துவிடுகிறது. அதன் மின்னூட்டங்களில் ஒரு பகுதி கண்ணாடியைப் பிடிக்கச் செலவாகிவிடும், மிச்சம் செல்லைப் பிடிக்கும். செல்லுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் பிடிமானம், அதுவும் அசையாத பிடிமானம். கழுவாமல் விட்டால் கண்ணாடியில் ஒட்டாத சங்கிலிகள் திரவத்தில் மிதக்கும். அவை செல்லைச் சுற்றிலும் ஒட்டி, சவ்வை இழுத்துக் குலைத்து ஓட்டையாக்கிவிடும். சங்கிலி நீளமாக நீளமாகச் சேதமும் கூடும். ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்களையே ஒன்றோடொன்று ஒட்டித் திரட்டிவிடும். நீங்கள் கழுவி அகற்றுவது இந்த மிதக்கும் பகுதியைத்தான். கண்ணாடியில் படிந்தது தண்ணீருக்கு அசையாது. ஆகவே பயப்படாமல் தாராளமாகக் கழுவுங்கள்.

மின்னூட்டத்தை எங்கே கட்டிவைப்பது என்ற இந்தக் கேள்விதான் பாலிலைசினின் மருத்துவ வரலாறு முழுக்க வருகிறது.

பாலிலைசினை முதலில் தயாரித்தவர்களில் முக்கியமானவர் எஃப்ரைம் கட்சால்ஸ்கி. 1940களின் இறுதியில் அவர் அதைத் தயாரித்தது, புரதங்களைப் புரிந்துகொள்ள எளிமையான ஒரு மாதிரி வேண்டும் என்பதற்காக. பிற்பாடு கட்சிர் என்று பெயர் மாற்றிக்கொண்டு இஸ்ரேலின் குடியரசுத் தலைவரானவர் இவர்தான்.

மருத்துவத்தில் பெரிய நம்பிக்கை மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்ப்பதில் பிறந்தது. டிஎன்ஏவின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின் பாஸ்பேட். பாலிலைசினோடு கலந்தால் அது இறுகிச் சிறு துகளாகிவிடும். 1987இல் ஜார்ஜ் வூவும் கேத்தரீன் வூவும் பாலிலைசினோடு ஒரு கிளைக்கோபுரதத்தை (சர்க்கரை சேர்ந்த புரதம்) இணைத்து, கல்லீரல் செல்களின் ஏற்பி அதை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்தார்கள். அழகான யோசனை. ஆனால் உள்ளே போன துகள் எண்டோசோம் என்ற பையில் மாட்டிக்கொள்கிறது, பெரும்பாலானவை அங்கேயே சிதைந்துபோகின்றன. பாலிலைசினின் அமீன்கள் ஏற்கெனவே புரோட்டானால் நிரம்பியவை. பை அமிலமாகும்போது மேலும் புரோட்டான்களை வாங்கிக்கொண்டு அதை உடைக்க அவற்றால் முடியாது. பாலிஎத்திலீன்இமீன் என்ற வேறொரு நேர்மின் சங்கிலிக்கு அந்தத் திறன் இருப்பதாகக் கருதப்பட்டதால் 1995க்குப் பின் பலரும் அந்தப் பக்கம் போனார்கள். பாலிலைசினில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்து இந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றவர்களும் உண்டு. தோல்வியடைந்த இடத்தில்கூடக் காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததை நான் பெரிய ஆதாயமாகவே நினைக்கிறேன்.

கட்டிவைத்ததற்கு நல்ல உதாரணம் 1980இல் லிம், சுன் இருவரும் செய்தது. இன்சுலின் சுரக்கும் கணையத் தீவுகளை ஆல்ஜினேட் (கடற்பாசியில் கிடைக்கும் எதிர்மின் பசை) மணிகளுக்குள் வைத்து, அதன்மேல் பாலிலைசின் படலம் போட்டார்கள்; வெளியே மறுபடி ஆல்ஜினேட் பூசுவது பின்னால் வந்த மாற்றம். படலத்தின் வழியே குளுக்கோஸும் இன்சுலினும் போய்வரும், நோயெதிர்ப்புச் செல்கள் நுழைய முடியாது. நீரிழிவு எலிகளின் ரத்தச் சர்க்கரை சில வாரங்கள் சீராக இருந்தது. வெளிப்பூச்சு எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்: பாலிலைசின் நேரடியாகத் திசுவைத் தொட்டால் அழற்சியும் வடுவும்தான் மிஞ்சும்.

அப்புறம், மருந்தாகவே ஆன ஓர் உறவினர் உண்டு. கட்சால்ஸ்கியின் மாணவரான மைக்கேல் செலாவும் ரூத் ஆர்னனும் டிவோரா டைடல்பாமும் லைசின், அலனின், குளுட்டாமிக் அமிலம், டைரோசின் நான்கையும் கலந்து கோத்த பாலிபெப்டைடுகளைச் செய்தார்கள். நரம்புறையில் உள்ள ஒரு புரதத்தைப் போன்று நடந்து, விலங்குகளில் மூளை அழற்சி நோயை உண்டாக்குமா என்று பார்ப்பதுதான் நோக்கம். நோய் வரவில்லை, மாறாக அந்த நோயை அது தடுத்தது! 1996இல் கிளாட்டிராமர் என்ற பெயரில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு (நரம்புறை சிதையும் நோய்) அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லைசின் இங்கே மூன்றில் ஒரு பங்குதான். எதிர்மின் குளுட்டாமிக் அமிலமும் கூடவே இருக்கிறது, சங்கிலியும் குட்டை. மொத்தத்தில் நேர்மின் தன்மை கொண்டதுதான், ஆனாலும் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டுக்கொள்ள முடிகிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நரம்பு செல்களை வாரக்கணக்கில் வளர்ப்பதாக இருந்தால் பாலி-டி-லைசின் வாங்கித் தரச் சொல்லுங்கள்; அது எல் வடிவத்தின் கண்ணாடிப் பிம்பம். ஒட்டும் திறன் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் எல் வடிவத்தைச் செல்கள் வெளிவிடும் புரதநொதிகள் மெல்ல வெட்டிவிடும், டி வடிவத்தை அவற்றால் வெட்ட முடியாது. இரண்டு மூன்று நாள் சோதனை என்றால் இப்போது வைத்திருப்பதே போதும்.