மிசி அக்கா பதில்கள்: நெஞ்சுத் தழும்பும் தைப்பூச வேண்டுதலும்

கேள்வி: மிசி அக்காவுக்கு வணக்கம். நான் ஒரு திருநம்பி, பெண்ணாகப் பிறந்ததாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவன். வயது 29. பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. ஐந்து மாதத்துக்கு முன் பாங்காக் போய் மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இரண்டு பக்கமும் நீளக் கோடாக வெட்டித் தைத்திருக்கிறார்கள். இடது பக்கம் தட்டையாக ஆறிவிட்டது. வலது பக்கம் அக்குளை ஒட்டிய முனை மட்டும் தடித்து, கருஞ்சிவப்பாகி, ராத்திரியில் அரிக்கிறது. சின்ன வயதில் காது குத்திய இடத்திலும் இப்படி ஒரு கட்டி வந்தது. சிலிகான் பட்டை ஒட்டினால் வேர்க்குரு வருகிறது. வரும் தைப்பூசத்துக்குச் சட்டையில்லாமல் பால்குடம் எடுத்துத் தண்ணீர்மலை ஏறுவதாக வேண்டுதல். நெஞ்சில் வேல் குத்திக்கொள்ளவும் ஆசை. அதற்குள் தழும்பு அடங்குமா?
பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் காதுக் கட்டிதான். காது குத்திய துளையிலேயே சதை போட்ட உடம்பு, பெரிய வெட்டுக்காயம் ஆறும்போதும் அளவு மீறிச் சதை போடலாம். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு இந்தக் குணம் கூடுதல். அதிலும் காது மடல், தோள், நெஞ்சு, மேல்முதுகு ஆகிய இடங்கள் இதற்குப் பேர்போனவை. அறுவை வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம், யாருக்குத் தையல் போட்டாலும் காது மடலைத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

தடித்த தழும்பில் இரண்டு வகை உண்டு. வெட்டிய கோட்டுக்குள்ளேயே தடித்து நிற்பது ஒன்று. அது ஒன்றிரண்டு மாதத்தில் கிளம்பும், நாள்பட நாள்பட அமுங்கவும் கூடும். இன்னொன்று கெலாய்டு. கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால் மாதிரி பரவும், தானாக அடங்காது. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, மாதத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில், கையைத் தொங்கவிட்டு, தழும்புக்குப் பக்கத்தில் ஒரு 10 காசு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு வளர்ச்சி தெரியாது. நாணயத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஆனால் அடுத்த படம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். இப்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பதிந்து, ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் கேளுங்கள். பாங்காக்கில் கொடுத்த அறுவைக் குறிப்பின் நகலைக் கையோடு கொண்டுபோங்கள். கவுண்டரில் கதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, “அறுவைத் தழும்பு தடித்திருக்கிறது” என்றால் போதும். டாக்டரிடம் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், பொதுவாக நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை. வலிக்கும், மறைக்கமாட்டேன். சுற்றியுள்ள தோல் கொஞ்சம் வெளுக்கவும் மெலியவும் கூடும். ஆனால் அரிப்பு பெரும்பாலும் சீக்கிரமே குறையும். “வெட்டி எடுத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், அதோடு வேறு என்ன சிகிச்சை தருவீர்கள் என்று கேளுங்கள். கெலாய்டை வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்ப வரும், முன்னைவிடப் பெரிதாகவும் வரும். மாலில் இருக்கும் அழகு நிலையத்து லேசர் பக்கம் போகவே போகாதீர்கள்.

ஏன் அந்த முனை மட்டும்? இழுப்புதான் காரணமாக இருக்கும். கையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அக்குள் பக்கத் தோல் தையலை இழுக்கிறது. ஃபேக்டரியில் தலைக்கு மேலிருக்கும் தட்டிலிருந்து டிரே எடுக்கிறீர்களா? சூப்பர்வைசரிடம் கேட்டு, கொஞ்ச நாளைக்கு இடுப்பு உயர வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள். கோட்டின் மேல் நீளவாக்கில் ஒட்டும் காகித டேப் ஃபார்மசியில் மலிவாகக் கிடைக்கும். அது இழுப்பைக் கொஞ்சம் தாங்கும். ஐந்து மாதம் ஆகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு ஆறினாலும் வெட்டுப்பட்ட தோலுக்குப் பழைய பலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திரும்புவதில்லை.

சிலிகானை விட்டுவிடாதீர்கள். நம் வெயிலில், அதுவும் உடம்பு முழுக்க மூடும் ஃபேக்டரி உடுப்புக்குள், பட்டை ஒத்துக்கொள்ளாது. வேர்க்குரு முழுசாக ஆறட்டும். அப்புறம் காலையிலும் ராத்திரியிலும் சிலிகான் ஜெல்லை மெல்லிசாகத் தடவி, காய்ந்தபின் சட்டை போடுங்கள். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். வைட்டமின் இ மாத்திரையை உடைத்துத் தடவுவதால் பலன் இல்லை, சிலருக்கு அலர்ஜியும் வரும். தட்டையான பக்கத்தை நகக்கண் வெளுக்கும் அளவுக்கு அழுத்தி வட்டமாக நீவிவிடலாம். தடித்த முனையை டாக்டர் பார்க்கும்வரை நீவ வேண்டாம். சூட்டு ஒத்தடம் எங்கேயுமே வேண்டாம். அறுவைக்குப் பின் நெஞ்சுத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுட்டாலும் தெரியாது.

இனி வேண்டுதல். சட்டையைக் கழற்றி, வேட்டி கட்டி மலை ஏறும் அந்த நாளுக்காக நீங்கள் எத்தனை வருஷம் காத்திருந்திருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. தாராளமாக ஏறுங்கள். தழும்பு அதற்குள் முழுக்க அடங்கும் என்று நான் சொல்லமாட்டேன். அது முதிர்ந்து மங்க ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். பால்குடத்தைத் தலைக்கு மேல் இரண்டு கையால் பிடிக்காமல் இடது தோளில் வையுங்கள், சின்னக் குடமாகவே இருக்கட்டும். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். வெயில் பட்டால் தழும்பு கறுத்துப்போகும், ஆகவே எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தடவி, வேர்த்து வழிந்தால் திரும்பவும் தடவுங்கள்.

வேல் மட்டும் வேண்டாம் தம்பி. நெஞ்சில் மட்டுமில்லை, முதுகில் கொக்கியும் கன்னத்தில் அலகும்கூட வேண்டாம். உங்கள் தோலுக்கு ஒவ்வொரு துளையும் ஒரு புதுக் கெலாய்டு ஆகலாம். முருகனுக்குப் பால்குடம் போதும்.

கேள்வி: என் பிள்ளைக்கு இதே ஆப்பரேஷன் நடந்து மூன்று வாரம் ஆகிறது. சதை போட்டுவிடும் என்று என் மாமியார் முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவலாமா? நான் அவனை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடுவதில்லை, சரிதானா?
ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: வாளி விஷயத்தில் நீங்கள் செய்வதுதான் சரி அம்மா. ஆறு வாரம் வரை கனமாக எதுவும் தூக்க வேண்டாம். ஆனால் தோள் இறுகிப் போகாமல், டாக்டர் சொன்ன அளவுக்கு மெதுவாக அசைக்கட்டும்.

பத்தியத்தை இன்றே விடுங்கள். எதைச் சாப்பிட்டும் கெலாய்டு வருவதில்லை. காயம் மூடப் புரதம் வேண்டும், அதைப் போய் நிறுத்தினால் எப்படி? பாசாரில் விரால் மீன் கிடைத்தால் இஞ்சி, பூண்டு போட்டு சூப் வைத்துக் கொடுங்கள். முட்டையும் கொடுங்கள். மஞ்சளும் எண்ணெயும் இப்போது வேண்டாம், மார்புக் காம்பை எடுத்துத் திரும்ப ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் சுத்தமாகக் கூடாது. அங்கே கறுப்பாகப் பொருக்கு கட்டும், பார்க்கப் பயமாக இருக்கும், பிய்க்காதீர்கள், தானாக உதிரும். பிள்ளை சிகரெட்டோ, வேப் என்ற மின்சிகரெட்டோ பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நிக்கோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ஒட்டிய தோல் பிழைப்பது அந்தக் குழாய்களால்தான்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சீழோ நாற்றமோ வந்தாலோ, அறுவை செய்த டாக்டரிடமிருந்து பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.