கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: ஆரணிக்குப் பக்கத்தில் கிராமம். கணவர் கொத்தனார், சாரத்திலிருந்து விழுந்த பிறகு வாரத்தில் பாதி நாள்தான் வேலைக்குப் போகிறார். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். மகன் அரசுப் பள்ளியில் ஒன்பதாவது. எட்டாவது வரை நன்றாகப் படித்தவன், இப்போது கணக்கில் 38 மார்க். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்கும் போகிறான். கடனை வாங்கியாவது தனியார் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் இருக்கிறது. தனியார் பள்ளிக்குப் போனால் இரண்டும் கைவிட்டுப் போகும்.

கடனுக்கு இன்னொரு விலையும் உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டக் கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013-ல் சயின்ஸ் இதழில் வந்தது. ஒரே விவசாயி, அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோது யோசனைத் திறன் சோதனையில் குறைவாகச் செய்தார். அறுவடைப் பணம் வந்த பிறகு மேலாகச் செய்தார். மூளை அதே மூளைதான், பணக்கவலை அதில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தது. உங்கள் வீட்டில் இப்போதிருக்கும் நெருக்கடியோடு மாத வட்டியும் சேர்ந்தால், பையனிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசும் தெம்பு உங்கள் இருவருக்கும் இருக்காது. அவனுக்கு இந்த வருடம் அதுதான் தேவை.

சரி, கணக்குக்கு வருவோம். ஒன்பதாவதில் இப்படிச் சரியும் பிள்ளைகள் நிறைய. பெரும்பாலும் ஓட்டை அந்த வகுப்பில் இருக்காது. ஏழாவது, எட்டாவதில் பின்னம், முழுக்கள், எளிய சமன்பாடு எங்கேயோ விட்டுப்போயிருக்கும். இயற்கணிதம் கனமாகும்போதுதான் அது வெளியே தெரியும். வசதியுள்ள வீட்டில் டியூஷன் ஆசிரியர் அதைச் சத்தமில்லாமல் அடைத்துவிடுவார். உங்கள் வீட்டில் அடைக்க ஆள் இல்லை. குடும்ப வருமானம் மார்க்கில் புகும் பெரிய வழி இதுதான் என்று நான் நினைக்கிறேன். அவனுக்கு அறிவு குறைந்துவிட்டதாக நீங்களும் நம்ப வேண்டாம், அவனையும் நம்ப விடாதீர்கள்.

கணக்கு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "மார்க் ஏன் குறைந்தது" என்று கேட்காமல், "எந்தப் பழைய பாடம் தெரியவில்லை" என்று கேளுங்கள். எட்டாவது புத்தகத்தை எடுத்து, அந்தப் பாடத்தை மட்டும் தினமும் அரை மணி நேரம் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை யாராவது இருந்தால் உதவிக்கு அழையுங்கள். அந்த அரை மணி நேரம் தையல் மிஷின் ஓட வேண்டாம், டிவியும் வேண்டாம்.

கேட்டரிங் வேலையை நிறுத்துங்கள். அந்தக் காசு உங்களுக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நள்ளிரவு வரை பந்தி பரிமாறிவிட்டு வருபவனுக்கு மறுநாள் வகுப்பில் கண் திறக்காது. அதோடு, 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களை இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்கச் சட்டத்தில் இடமில்லை.

உதவித்தொகை விஷயத்தில் தாமதிக்காதீர்கள். கிராமப்புறத்தில் ஒன்பதாவது படிப்பவர்களுக்கு 'ட்ரஸ்ட்' எனப்படும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. தொகை சிறியது, ஆனால் தேர்வு எழுதிப் பழகுவான். அதன் பிறகு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. தேர்வானால் வருடத்துக்கு 10,000 ரூபாய். அதற்கு ஒன்பதாவது, பத்தாவது பாடங்களிலிருந்துதான் கேள்வி வரும். வீட்டில் தம்பியோ தங்கையோ எட்டாவதில் இருந்தால் என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய உதவித்தொகைத் தேர்வை விட்டுவிடாதீர்கள்: ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பமெல்லாம் பள்ளி வழியாகத்தான் போகும். தலைமையாசிரியரிடம் இந்த வாரமே சொல்லி வையுங்கள். கணவர் பெயரில் வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கடைசி நாளில் அது கையில் இல்லாமல்தான் பலருக்கு வாய்ப்பு நழுவுகிறது.