நடுவில் காணாமல் போகும் பேஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாட்டு கேட்பதற்கென்றே ஓர் அறையை ஒதுக்கிவிட்டேன். 12 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. நாலு பக்கமும் வெறும் சுவர். நண்பரிடம் இரவல் வாங்கிய 50 வாட் ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரும் இப்போதைக்கு ஓடுகின்றன. அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) துளியும் இல்லை. எழுந்து பின்சுவரோரம் போனால் குமுறுகிறது. வாட் போதவில்லை என்கிறார்கள். அதனால் 200 வாட் ஆம்ப், 10 அங்குல வூஃபர் (பேஸ் எழுப்பும் கூம்பு) வைத்த ஆளுயர ஸ்பீக்கர் என்று முடிவு செய்திருக்கிறேன். பணத்தில் பாதி ஆம்புக்கு, மீதியில் ஸ்பீக்கரும் உயர்தர கேபிளும். இந்தக் கணக்கு சரியா? கண்ணாடிக் குழாய்களால் ஓடும் பழைய பாணி வால்வு ஆம்ப் மீது ஒரு சபலமும் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கணக்கு சரியில்லை. ஆனால் அதைத் திருத்தத் தேவையான தகவலை நீங்களே எழுதிவிட்டீர்கள். நடுவில் பேஸ் இல்லை, சுவரோரம் குமுறுகிறது என்கிறீர்கள். ஆம்பில் குறை என்றால் எங்கே உட்கார்ந்தாலும் அதே குறை கேட்க வேண்டும். நாலடி நகர்ந்ததும் சத்தம் மாறுகிறதென்றால், கோளாறு பெட்டிக்குள் இல்லை, அறையில் இருக்கிறது.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. உங்கள் அறையின் 12 அடி என்பது 3.66 மீட்டர். 343-ஐ இதன் இருமடங்கால் வகுத்தால் 47 வரும். 47 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது நொடிக்கு 47 முறை அதிர்வது, எதிரெதிர்ச் சுவர்களில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு சேர்ந்து அப்படியே நின்றுவிடும். தொட்டித் தண்ணீரை அலைத்தால் இரண்டு ஓரமும் ஏறி இறங்க, நடுவில் மட்டம் மாறாமல் இருக்குமே, அதுதான் இங்கும் நடக்கிறது. சுவரோரம் அழுத்தம் அதிகம், நடுவில் கிட்டத்தட்ட பூஜ்யம். உங்கள் நாற்காலி கிடப்பது சரியாக அந்தப் பூஜ்யத்தில்.

போதாததற்கு உங்கள் அறை சதுரம். நீளத்துக்கு ஒரு 47, அகலத்துக்கும் அதே 47. உயரத்துக்கு 56. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. பேஸ் கிதாரில் அடிக் கம்பியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அதே கம்பியில் இரண்டாம் ஃப்ரெட்டில் விரல் வைத்தால் 46. வாசிப்பவர் இரண்டையும் ஒரே பலத்தில்தான் மீட்டியிருப்பார். உங்கள் பின்சுவரோரம் முதலாவது சாதாரணமாகக் கேட்கும், இரண்டாவது அறையையே அதிர வைக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த இரண்டாவதையே தேட வேண்டியிருக்கும். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு பேஸ் வரியை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள், எந்த ஸ்வரம் காணாமல் போகிறதென்று காதுக்கே பிடிபடும்.

இந்தப் பள்ளத்தை வாட்டால் நிரப்ப முடியாது. வால்யூமைக் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி கூடும், சுவரில் பட்டு எதிர்த்து வரும் ஒலியும் அதே விகிதத்தில் கூடும். ஒன்றையொன்று அடித்துக்கொள்வது மாறாது. ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 47-ஐ ஏற்றினாலும் இதே கதைதான், வூஃபர் வீணாக மூச்சிரைக்கும். மேடாக இருக்கும் இடத்தை ஈக்வலைசரால் வெட்டலாம், அது நன்றாகவே வேலை செய்யும். பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள்.

ஆகவே முதல் வேலை, காசு செலவில்லாத வேலை: நாற்காலியை நகர்த்துங்கள். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். உங்களுக்கு அது நாலரை அடி. அங்கே ஆரம்பித்து ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பின்னே என்று நகர்த்திக் கேளுங்கள். முழு விடுதலை கிடைக்காது, பக்கவாட்டில் நடுக்கோட்டில்தானே உட்கார வேண்டியிருக்கிறது. ஆனாலும் வித்தியாசம் சின்னதாக இருக்காது.

அடுத்து ஸ்பீக்கரின் இடம். வூஃபரின் முகம் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 140 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் அலையை வெட்டும். ஆண்குரலின் உடம்பு இருக்கும் இடம் அது. பாடகர் சளி பிடித்தவர் போல மெலிந்து கேட்டால் ஸ்பீக்கரைத் திட்டுவதற்கு முன் அதை அரை அடி தள்ளிப் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக அமைந்தால் போதும், அதற்கு மேல் டேப் பிடித்து மில்லிமீட்டர் பார்ப்பதெல்லாம் பிறகு.

சுவர். கை தட்டிப் பாருங்கள், வெறும் அறையில் 'டர்ர்ர்' என்று ஒரு வால் நீளும். பக்கச் சுவரில் எங்கே பஞ்சு வைப்பது என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடியும் ஓர் ஆளும் போதும். நீங்கள் நாற்காலியில் இருங்கள், அவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்னக் கூம்பு) தெரிகிறதோ அங்கேதான் முதல் எதிரொலி. அங்கே துணி போர்த்திய ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை வையுங்கள், குறைந்தது இரண்டு அங்குலம், முடிந்தால் நாலு. முட்டை அட்டை மாதிரி இருக்கும் மெல்லிய ஃபோமை ஒட்டாதீர்கள். அது உச்ச ஒலியை மட்டும் விழுங்கிவிட்டுக் கீழே உள்ளதை அப்படியே விட்டுவிடும், அறை மந்தமாகவும் இருக்கும், குமுறவும் செய்யும். மூலைகளில் எவ்வளவு தடிமனாக அடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

இப்போது ஸ்பீக்கர். உங்கள் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும். ஆனால் 10 அங்குல வூஃபருக்கு அல்ல. ஏற்கெனவே 47-இல் தவிக்கும் அறைக்குள் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெட்டியைக் கொண்டுவருவது எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதுதான். பிபிசி 1970களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்றொரு ஸ்பீக்கரை உருவாக்கியது. ஓரடி உயரம், 5 அங்குல வூஃபர். வண்டிக்குள் உட்கார்ந்து மனிதக் குரல் சரியாக வருகிறதா என்று பார்க்கச் செய்யப்பட்ட அந்தச் சின்னப் பெட்டியை இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். உங்கள் அறைக்கு 6 அங்குல வூஃபரும் ஒரு ட்வீட்டரும் வைத்த நல்ல இருவழி ஸ்பீக்கர் தாராளம்.

எது நல்லது? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார். எந்த ஸ்பீக்கர் ஓடுகிறதென்று கேட்பவருக்குத் தெரியாமல் மறைத்து வைத்து மதிப்பெண் போடச் சொன்னார். பெயரும் விலையும் தெரியாதபோது பெரும்பாலோர் ஒரே மாதிரியானவற்றைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நேர் எதிரே ஏற்றத்தாழ்வு இல்லாமல் சமமாக ஒலிப்பவை, பக்கவாட்டிலும் அந்தக் குணம் திடீரென மாறாமல் சீராகக் குறைபவை. இரண்டாவது ஏன் முக்கியமென்றால், நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி பக்கவாட்டில் கிளம்பிச் சுவரில் பட்டு வந்தது. மலிவான இருவழி ஸ்பீக்கர்களில் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மேலே போகப் போக வூஃபரின் ஒலி டார்ச் வெளிச்சமாகக் குறுகும், அதைக் கைமாற்றி வாங்கும் ட்வீட்டர் சட்டென்று அகலமாக விரிக்கும். அந்தச் சந்தியில் குரல் கரகரப்பாகத் துருத்தும். சோதிக்க எளிய வழி: ஒரு பெண்குரலை ஓடவிட்டு ஸ்பீக்கரைச் சுற்றி அரைவட்டமாக நடங்கள். உச்சம் மெல்லக் குறைவது இயல்பு. குரலே வேறு ஆளுடையதாக மாறினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வாங்குமுன் அளவீட்டு வரைபடம் கிடைக்கிறதா என்று தேடுங்கள், பளபளக்கும் விமர்சனங்களைவிட அது நேர்மையானது.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. அரை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாக இருந்தாலே நம் காது அதைச் 'சத்தம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு அதிகம்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்த ஒப்பீடு எதையும் நம்பாதீர்கள், உங்களுடையதையும் சேர்த்து.

சரி, ஆம்ப். ஸ்பீக்கரின் திறன் 87 டெசிபல் என்று வையுங்கள், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 87. நீங்கள் எட்டடி தள்ளி உட்கார்ந்தால் எட்டு டெசிபல் போகும். இரண்டாவது ஸ்பீக்கரும் அறையின் எதிரொலியும் சேர்ந்து ஆறு போலத் திருப்பித் தரும். ஆக ஒரு வாட்டுக்கு நாற்காலியில் 85. வீட்டில் நிம்மதியாகக் கேட்கும் சராசரி 75 டெசிபல், அதற்கு வேண்டியது வாட்டில் பத்தில் ஒரு பங்கு. திடீரென்று ஓங்கி விழும் அடி சராசரியைவிட 20 டெசிபல் மேலே போனாலும் 10 வாட். கொஞ்சம் ஆவேசமாகவே கேட்பவர் என்றால் 30. உங்கள் இரவல் 50 வாட் ஏற்கெனவே போதும். 100-ஐ 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல், அவ்வளவே. சத்தம் இருமடங்காகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

வாட்டைவிட ஓமை, அதாவது ஸ்பீக்கரின் மின்தடையை, பாருங்கள். 8 ஓம் என்று அச்சிட்ட ஸ்பீக்கர் சில அலைவரிசைகளில் 4-க்கும் கீழே இறங்கும். 8 ஓமில் 50 வாட்டும் 4 ஓமில் அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கும் தரும் ஆம்ப் என்றால் மின்சப்ளை திடமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆம்ப் வடிவமைப்பில் கிளாஸ் ஏபியா கிளாஸ் டியா என்ற சண்டையில் இறங்காதீர்கள், இரண்டிலும் நல்லவை நிறைய இருக்கின்றன. ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்புகளை அவற்றின் எல்லைக்குள் ஓட்டி, சத்தத்தைச் சமப்படுத்தி, கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் சொல்வது மிகக் கடினம். ஆம்பை உள்ளேயே வைத்த ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கினால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவையில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டுப் பார்ப்பேன்.

வால்வு ஆம்ப் அழகு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான வால்வு ஆம்புகளின் வெளியீட்டு மின்தடை அதிகம். ஸ்பீக்கரின் ஓம் ஏறி இறங்குவதற்கேற்ப ஒலியின் சமநிலையும் ஏறி இறங்கும். ஒரு ஸ்பீக்கரோடு இனிக்கும், இன்னொன்றோடு குழையும். இரண்டாவது ஆம்பாக வாங்க ஏற்றது.

கேபிள்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஐந்து மீட்டர். போய்வரும் மின்தடை 0.07 ஓம் தான். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது கணக்கிலேயே வராது. அதற்கென்று ஒதுக்கிய தொகையில் ராக்வூல் வாங்குங்கள்.

அன்புடன்.