தடுப்பு மாத்திரை வெள்ளையணுக்களைத் தின்றுவிடுமா?

கேள்வி: என் கணவர் நான்கு மாதங்களாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிடுகிறார். எனக்குத் தொற்று இல்லை. அவருக்கு வைரஸ் அடங்கும்வரை டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபினும் சேர்ந்த தடுப்பு மாத்திரையைத் தினமும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அதை வெளியில்தான் வாங்குகிறோம். போன மாதம் 710 இருந்த என் சி.டி.4 (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளையணு) எண்ணிக்கை இப்போது 590. 'நோயில்லாத உடம்பில் மருந்து அணுக்களைத் தின்கிறது' என்று சொல்லி, பரிசோதனை நிலையத்தில் ஒரு சத்துப் பொடியும் கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்திவிடலாமா? - வாசகி, நாமக்கல்

பதில்: நிறுத்தாதீர்கள், சகோதரி. நிறுத்த வேண்டியது அந்தப் பொடியை.

எச்.ஐ.வி. நம் சி.டி.4 அணுவுக்குள் புகுந்ததும் தன்னை டி.என்.ஏ.வாகப் பிரதி எடுக்கும். பூச்சரம் தொடுப்பதுபோல ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கும் அந்த வேலைக்கு ஒரு நொதியைக் கையோடு கொண்டுவருகிறது. உங்கள் மாத்திரையின் இரண்டு மருந்துகளும் அணுவுக்குள் முன்பே போய்க் காத்திருந்து, போலிக் கண்ணிகளாக அந்தச் சரத்தில் ஏறிக்கொள்கின்றன. சரம் அதோடு நின்றுபோகும். நம் அணுவின் சொந்த நொதிகளோ இந்தப் போலிகளை எளிதில் ஏற்பதில்லை. குடல் திசுவில் நோய் எதிர்ப்புச் செயல்பாட்டில் சிறு மாற்றங்களைச் சில ஆய்வுகள் கண்டதுண்டு. ஆனால் சி.டி.4 அணுக்களை இந்த மாத்திரை அழிப்பதில்லை.

இந்தப் பயம் ஸிடோவுடின் என்ற பழைய மருந்திலிருந்து வந்தது. அது எலும்பு மஜ்ஜையை அடக்கி ரத்தசோகையையும் வெள்ளையணுக் குறைவையும் உண்டாக்கக்கூடியது. உங்கள் மாத்திரையில் அது இல்லை. கென்யாவிலும் உகாண்டாவிலும் உங்களைப்போல் ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த 4,700க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. இதே கூட்டு மாத்திரை தொற்றை 75 சதவீதம் குறைத்தது.

அப்படியானால் 590? சி.டி.4 இயல்பாக 500க்கும் 1,500க்கும் இடையில் ஏறி இறங்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. சளி பிடித்தாலே மாறும். தொற்றில்லாத உங்களுக்கு அந்தப் பரிசோதனையே தேவையில்லை! தேவையற்ற பரிசோதனையைச் செய்து, வந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தி, பயத்துக்கு மருந்தென்று பொடி விற்பதை நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். உங்களுக்கு வேண்டியவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனையும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும்தான்.

உங்கள் கடிதத்தில் நான் தேடியும் காணாதது ஹெபடைடிஸ் பி பரிசோதனை. இந்த இரண்டு மருந்துகளும் அந்தக் கல்லீரல் வைரஸையும் அடக்கும். அது இருப்பது தெரியாமலே ஒருவர் மாத்திரை சாப்பிட்டால் வைரஸ் அமுங்கிக் கிடக்கும். 'அணு குறைகிறது' என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென நிறுத்தினால் அது சீறி எழும். கல்லீரல் வீங்கி மஞ்சள் காமாலை வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களும் மாத்திரை சாப்பிடலாம். ஆனால் நிறுத்துவது மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதும் முன்பே இதைப் பார்த்திருக்க வேண்டும். ஆளில்லை, நேரமில்லை என்று இதைக்கூட விட்டுவிடுகிறார்கள். கணவருக்கு மருந்து இலவசம், அவரிடமிருந்து தொற்றாமலிருக்க மனைவிக்குக் கைக்காசு என்ற ஏற்பாட்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கணவர் ஆறு மாதம் தவறாமல் மருந்து எடுத்து, வைரஸ் அளவுப் பரிசோதனையில் அது கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியதும் உங்கள் மாத்திரையை முறைப்படி நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். அதுவரை ஒரு நாளும் தவறவேண்டாம். இன்றிரவு உங்கள் கோப்பைப் புரட்டி ஹெபடைடிஸ் பி முடிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளையே ரத்தம் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள், பொடி விற்றவரிடம் வேண்டாம்.