எடை இறங்காவிட்டாலும் நடங்கள்: தில்லித் தோழிகளின் கேள்விகளும் பதில்களும்

இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் நான். கடைசியாக வந்த கேள்வியை முதலில் எடுக்கிறேன். அது காத்திருக்க முடியாத கேள்வி.

ஆர்.கே. புரம், வயது 53: மலை மந்திர் படி ஏறும்போது தாடையும் முதுகும் வலிக்கின்றன. நின்றால் போய்விடுகிறது. கேஸ் என்று மாத்திரை போட்டுக்கொள்கிறேன். தினமும் ஏறிப் பழகினால் சரியாகிவிடுமா அக்கா?

படி ஏறுவதை இன்றே நிறுத்துங்கள். ஏறும்போது வந்து, நின்றதும் போகிற வலி, இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். பெண்களுக்கும் நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனால் அதோடு சேர்ந்தோ, சில சமயம் அது இல்லாமலோ, தாடை வலி, முதுகு வலி, மூச்சிரைப்பு, குமட்டல், காரணம் தெரியாத அசதி எல்லாம் வரலாம். கேஸ் என்று நாமே முடிவு கட்டி நாளைக் கடத்துவதுதான் எனக்குப் பெரிய கவலை. தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள். ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் "ஏறும்போது மட்டும் வலிக்கிறது" என்று அழுத்திச் சொல்லுங்கள். படுத்த நிலையில் எடுக்கும் ஈசிஜியில் இது தெரியாமல் போகலாம். சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ ஆட்டோ தேடாதீர்கள், 112-ஐக் கூப்பிடுங்கள்.

மயூர் விஹார், வயது 49: மூன்று மாதமாகத் தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். ஒரு கிலோகூட இறங்கவில்லை. "எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்கிறார் கணவர். விட்டுவிடலாமா?

விடாதீர்கள்மா. எடை இறங்குவது பெரும்பாலும் தட்டில் நடக்கிற காரியம். 45 நிமிட நடையில் செலவாவது ஏறக்குறைய இரண்டு சப்பாத்திக்குச் சமம், அவ்வளவுதான். நடையின் பலனே வேறு. 2007-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. மாதவிடாய் நின்ற, எடை அதிகமான, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 464 பெண்களை ஆறு மாதம் கவனித்தார்கள். வாரத்துக்கு 75 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாகப் பயிற்சி செய்தவர்களுக்கே இதயமும் நுரையீரலும் தாங்கும் திறன் கூடியது. எடை பெரிதாக மாறவில்லை, இடுப்புச் சுற்றளவு குறைந்தது.

உங்கள் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையக் குறைய வயிற்றில் கொழுப்பு சேரும், எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். அதனால் எடை மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை டேப் எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது. பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பரிசோதித்துக் கணவரிடம் காட்டுங்கள். எடையும் இறங்கியே ஆகவேண்டும் என்றால், இரவுச் சாதத்தைப் பாதியாக்கிக் காய், பருப்பு, சுண்டலைக் கூட்டுங்கள்.

முனீர்கா, வயது 56: நவம்பர் புகையில் காலை ஐந்து மணிக்கு நடக்கலாமா?

வேண்டாம். குளிர்கால விடியலில் நச்சுக்காற்று தரையோடு தேங்கி நிற்கும், குளிரில் ரத்தக் குழாய்களும் சுருங்கும். இரண்டுமே இதயத்துக்கு ஆகாதவை. வெயில் ஏறிய பிறகு, சமீர் செயலியில் காற்றின் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 200-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடங்கள், அல்லது பாட்டு போட்டு ஆடுங்கள்.

கரோல் பாக், வயது 51: பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். வாட்ச்சில் நாடித்துடிப்பு ஏறவே மாட்டேன் என்கிறது.

அந்த மாத்திரை துடிப்பைக் கட்டுப்படுத்தும். வாட்ச்சை நம்பாதீர்கள். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

துவாரகா, வயது 58: முழங்கால் வலி. நடக்கவே பயமாக இருக்கிறது, என்ன செய்வது?

தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும். கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகப் பத்து முறை எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் கையை ஊன்றிக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். நடையைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூட்டு வீங்கினாலோ சிவந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.