டாரோக்கும் ஓர் ஊக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சில வாரங்களாக எல்விஸ் பிரெஸ்லியின் பழைய படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல படங்களில் இயக்கம் நார்மன் டாரோக் என்று வருகிறது. தேடிப் பார்த்தேன். மௌனப்பட காலத்திலிருந்தே நகைச்சுவை எடுத்தவர், குறும்படங்களையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல் எடுத்தவர், 1931லேயே ஆஸ்கார் வாங்கியவர் என்று தெரிகிறது. ஆனால் சினிமாப் புத்தகங்களில் லூபிட்ச், கேப்ரா என்று பேசுகிற இடத்தில் இவர் பேச்சே இல்லை. இவர் கலைஞரா, இல்லை ஸ்டூடியோவின் வெறும் சம்பளக்காரரா? ஆஸ்கார் வாங்கியவர் கடைசியில் எல்விஸ் படங்களில் போய் ஏன் வீணானார்? இவருடைய படங்களில் அவசியம் பார்க்கவேண்டிய பத்தைச் சொல்ல முடியுமா?

தேடும்போது ஒரு சுவையான தகவலும் கிடைத்தது. ‘ஸ்கிப்பி’ படத்தில் சிறுவன் ஜாக்கி கூப்பரை அழவைக்க, அவனுடைய நாயைச் சுட்டுவிட்டது போல நாடகம் ஆடினாராம். அந்தக் காலத்து ஆட்களே தனி!

அன்புடன்,
ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

பத்துப் படம் சொல்லுங்கள் என்று வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுக்கு எழுதுவது அந்தக் கடைசிப் பத்திக்காக. அந்த நாய் கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. வருகிறேன்.

அதற்கு முன் ‘வீணானார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது. டாரோக் 1899இல் சிகாகோவில் பிறந்தவர். எல்விஸின் ‘ஜி.ஐ. ப்ளூஸ்’ வந்த 1960இல் அவருக்கு வயது 61. அங்கிருந்து 1968 வரை எல்விஸை வைத்து மட்டும் ஒன்பது படம். கடைசிப் படம் எடுத்தபோது 69. மௌனப்படத்தில் தொழில் கற்று, பேசும் படம், கலர் படம், அகலத்திரை எல்லாம் தாண்டி அந்த வயதிலும் ஒருவரைக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் என்றால் அதற்குப் பெயர் வீணாவதா? நீங்கள் கொண்டாடக்கூடிய நகைச்சுவைப் பட இயக்குநர் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் 1940களின் தொடக்கத்தில் ராஜா. பத்து வருஷத்துக்குள் எந்த ஸ்டூடியோ கதவும் அவருக்குத் திறக்கவில்லை. எல்விஸ் படங்கள் நல்ல படங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முக்கால்வாசியை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனால் சோறு போட்ட வேலையை வீண் என்று சொல்வதற்கு முன் நாம் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

கலைஞரா சம்பளக்காரரா என்பதை விட்டுவிடுங்கள். கல்லூரிக் கட்டுரைப் போட்டித் தலைப்பு மாதிரி இருக்கிறது.

எனக்கு டாரோக் அறிமுகமானது தொண்ணூறுகளில், கேபிள் டிவியில். பகலெல்லாம் கார்ட்டூன் ஓடும் சேனல் ராத்திரியானால் டிஎன்டி ஆகிவிடும். வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பழைய எம்ஜிஎம் படங்களைப் பார்ப்பேன். ‘பாய்ஸ் டவுன்’, ‘கேர்ள் கிரேஸி’ எல்லாம் அப்படிப் பார்த்தவை. இயக்குநர் யார் என்று அப்போது கவனித்ததே இல்லை. கவனிக்காதபடி எடுப்பதுதான் அவர் வேலை என்று புரிய ரொம்ப வருஷம் ஆனது.

கல்யாண வீட்டில் பந்தி விசாரிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். எந்த இலைக்குச் சாம்பார் வரவில்லை, எந்தப் பெரியவருக்கு மோர் வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒருவரும் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். சமையல்காரருக்குத்தான் புகழ். நகைச்சுவைப் பட இயக்குநர் பெரும்பாலும் இந்தப் பந்தி விசாரிக்கிறவர். டாரோக் அதை 1920இல், இருபத்தோரு வயதில், லாரி செமன் என்ற கோமாளியிடம் கற்றுக்கொண்டார். வைட்டகிராஃப் கம்பெனியின் குறும்படங்களில் இருவரும் சேர்ந்து இயக்கினார்கள். செமன் இன்று யாருக்கும் ஞாபகமில்லாத பெயர், அன்றைக்குப் பெரிய ஆள். மாவு மூட்டை கிழியும், பீப்பாய் உருளும், ஆள்மேல் ஆள் விழுவான். அந்த மாதிரிப் படத்தில் கேமரா எங்கே நிற்கிறது என்பதுதான் பாதிச் சிரிப்பு. வழுக்கும் காலும் விழுகிற ஆளும் ஒரே சட்டத்துக்குள் தெரிந்தால் சிரிப்பு வரும். காலைத் தனியாகக் காட்டி, முகத்தைத் தனியாகக் காட்டி, விழுந்த பின் தரையைத் தனியாகக் காட்டினால் அது விபத்துச் செய்தி.

அந்தப் பாடத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. பாடகர் டீன் மார்ட்டினும் நகைச்சுவை நடிகர் ஜெர்ரி லூயிஸும் ஜோடியாக நடித்த படங்களில் ஆறு இவருடையவை. 1953இல் வந்த ‘தி கேடி’யில் டீன் ‘தட்ஸ் அமோர்’ பாடும் இடத்தைப் பாருங்கள். வீட்டு விருந்து, சுற்றிலும் சொந்தக்காரர்கள். டீன் வெண்ணெய் உருகுவது போலப் பாடுகிறார். ஜெர்ரி நடுவில் புகுந்து கீச்சுக்குரலில் சேர்ந்துகொள்கிறார். இன்றைய இயக்குநர் கையில் கொடுத்தால் ஜெர்ரியின் கோணல் முகத்துக்குப் பத்து தடவை வெட்டிப் போயிருப்பார். அது பாட்டையும் கொன்று ஜெர்ரியையும் கொன்றிருக்கும். ஒருவர் பாடுவதும் இன்னொருவர் கெடுப்பதும் ஒன்றாகத் தெரிந்தால்தானே அது வேடிக்கை! கேமராவை நகர்த்தாமல் இருக்கத் தைரியம் வேண்டும், ஆர். நூறு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு சுற்றி நிற்கும்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத் தைரியம் வேண்டும். பிரெஞ்சு விமர்சகர்கள் ஜெர்ரி லூயிஸைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அவரை இயக்கிய ஃபிராங்க் டாஷ்லினையும் கொண்டாடினார்கள். ஆறு படம் ஜோடியாகவும், அப்புறம் ஜெர்ரி தனியாக நடித்த இரண்டும் எடுத்துக் கொடுத்தவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் நண்பர்களைச் சலிப்படைய வைத்திருக்கிறேன். இன்று உங்கள் முறை.

சரி, நாய்.

அது ‘சுவையான தகவல்’ இல்லை. நீங்கள் அப்படி எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஜாக்கி கூப்பருக்கு அப்போது எட்டு வயது. டாரோக் வெளியாள் இல்லை. பையனுடைய அம்மாவின் சகோதரியைக் கட்டியவர். நம் முறையில் பெரியப்பாவோ சித்தப்பாவோ. படத்தின் கதையே ஒரு நாயைப் பற்றியது. நாய் பிடிக்கிறவனிடமிருந்து சிநேகிதனின் நாயை மீட்க இரண்டு பையன்கள் மூன்று டாலர் சேர்க்கப் படாதபாடு படுகிறார்கள், நாய் பிழைப்பதில்லை. பையனுக்கு அழுகை வரவில்லை. காவலாளை அனுப்பி, பையனின் சொந்த நாயைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பையன் துடித்துப்போய் அழுதான், கேமரா ஓடியது. காட்சி முடிந்தபிறகு நாயை உயிரோடு கொண்டுவந்து காட்டினார்கள். இது கூப்பரே சொன்னது.

அந்தப் படத்துக்குத்தான் டாரோக்குக்கு ஆஸ்கார். 32 வயதில். அவ்வளவு சின்ன வயதில் இயக்கத்துக்கு வேறு யாரும் வாங்கவில்லை, 2017இல் ‘லா லா லேண்ட்’ எடுத்த டேமியன் ஷஸெல் வரும்வரை. பையனையும் சிறந்த நடிகர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், ஒன்பது வயதில். அவனுக்குக் கிடைக்கவில்லை. 1931 நவம்பரில் நடந்த அந்த விழாவில், பேச்சு நீண்டுகொண்டே போக, அவன் பக்கத்திலிருந்த நடிகை மேரி டிரெஸ்லர் மீது சாய்ந்து தூங்கிவிட்டான். அந்த அம்மாவுக்கு அன்று சிறந்த நடிகை விருது. எழுந்து போய் வாங்குவதற்கு முன், தூங்குகிற பையனை மெதுவாக நகர்த்தவேண்டியிருந்தது. எனக்கு அந்த விழாவில் ஞாபகம் நிற்பது இது ஒன்றுதான்.

ஐம்பது வருஷம் கழித்து, 1981இல், கூப்பர் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். நடுவில் அவரே தொலைக்காட்சி இயக்குநராகி எம்மி விருதெல்லாம் வாங்கியிருந்தார். ‘சூப்பர்மேன்’ படத்தில் பத்திரிகை ஆசிரியராக வருகிறாரே, அவர்தான். புத்தகத்துக்கு வைத்த தலைப்பு: ‘தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்’. அதே வருஷம் ஏப்ரலில் டாரோக் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் தெரியவில்லை.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் வருஷாவருஷம் அரிச்சந்திர நாடகம் போடுவார்கள். வாத்தியார் என் பெரியப்பா. ஆர்மோனியமும் அவரே. எனக்கு ஒன்பது வயதில் லோகிதாசன் வேஷம் கொடுத்தார். தர்ப்பை பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடிக்கும்போது ‘அம்மா’ என்று அலறவேண்டும். ஒத்திகையில் என் அலறல் எலி கீச்சிட்ட மாதிரி இருந்தது. ஒரு மாதம் திட்டியும் சரியாகவில்லை. நாடகத்தன்று ராத்திரி, வேப்பங்கொத்து கட்டிய மறைப்புக்குப் பின்னால் பெரியப்பா வந்து உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். ஆர்மோனியத்துக்கு வேறு ஆள். நூல் கட்டி இழுத்த துணிப்பாம்பு என் காலடிக்கு வந்ததும், தொடையில் ஒரு ஊக்கு முழுதாக இறங்கியது.

நான் போட்ட சத்தத்தில் முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பாட்டி ஒப்பாரியே வைத்துவிட்டாள். நான் செத்து விழுந்து கிடக்கும்போது ரைஸ்மில்காரர் மேடைக்கு ஏறிவந்து ஐந்து ரூபாய் நோட்டை என் சட்டையில் குத்தப் பார்த்தார். அவரிடம் ஊக்கு இல்லை. மறைப்புக்குப் பின்னாலிருந்து பெரியப்பாவின் கை நீண்டது. அதே ஊக்கு. பிணம் கண் திறக்கக்கூடாது என்பதால் பாதி இமைக்குள்ளால் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர், நூலகத்தில் சேர்த்துவிட்டவர். வெகுநாள் கழித்து ஒருமுறை, காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த ஊக்கைப் பற்றிக் கேட்டேன். ‘கைதட்டு வந்துச்சா இல்லையா?’ என்றார். அப்புறம் பேச்சை மாற்றிவிட்டார். ஊரில் இன்றும் அந்த அலறலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடமும் நான் ஊக்கைப் பற்றிச் சொன்னதில்லை, பாராட்டையும் மறுத்ததில்லை.

அதனால் ‘அந்தக் காலத்து ஆட்களே தனி’ என்று எழுதாதீர்கள். எந்தத் தனியும் இல்லை. உங்கள் வீட்டு டிவியைப் போடுங்கள், பாட்டுப்போட்டியில் தோற்ற குழந்தையின் முகத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் கேமரா போகிறது என்று பாருங்கள். என்னைக் குழப்புவது வேறு. அதற்குப் பின்னாலும் டாரோக் குழந்தைகளை வைத்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். ‘ஹக்கிள்பெரி ஃபின்’, ‘டாம் சாயர்’, ‘பாய்ஸ் டவுன்’ எல்லாம் வந்தன. ஜெர்ரி லூயிஸ் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு எட்டு வயதுப் பையன் அழும்வரை காத்திருக்கத் தெரியவில்லை. கோமாளிக்குக் கொடுத்த நேரத்தைப் பையனுக்கு ஏன் கொடுக்கவில்லை? அட்டவணையா, பயமா, சொந்தப் பையன்தானே என்ற உரிமையா? என் பெரியப்பாவிடம் மூன்றுமே இருந்தன என்று நினைக்கிறேன்.

பட்டியல் கேட்டிருந்தீர்கள். பத்தெல்லாம் தேறாது. ‘பாய்ஸ் டவுன்’, ‘கேர்ள் கிரேஸி’ (பஸ்பி பெர்க்லி என்ற இயக்குநர் தொடங்கியதை நடுவில் வந்து முடித்துக் கொடுத்தார், நடுவில் வந்து முடிப்பதும் அவருக்குப் பழக்கம்தான்), ‘தி கேடி’. இது போதும். ‘ஸ்கிப்பி’யை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை பையன் அழத் தொடங்கியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோதும் அழுதுகொண்டிருந்தான்.